புற்றுநோயாளியை வீட்டில் பராமரித்தல்: முதல் நாளிலேயே தொடங்க வேண்டிய ஆதரவுச் சிகிச்சை

புற்றுநோய்க்கான சிகிச்சை பல மாதங்கள் நீளக்கூடியது என்றாலும், அந்த மாதங்களில் நோயாளி மருத்துவமனையில் இருக்கும் நேரம் மிகக் குறைவு. காலையில் போய் மருந்து ஏற்றிக்கொண்டு மாலையில் வீடு திரும்பிய பிறகு வரும் வாந்தியையும், நள்ளிரவில் ஏறும் காய்ச்சலையும், வாய்ப்புண்ணையும், வலியையும், பயத்தையும் எதிர்கொள்பவர்கள் நோயாளியும் வீட்டிலுள்ள ஒருவரோ இருவரோதான். இந்த வழிகாட்டி அவர்களுக்காக எழுதப்பட்டது. மருத்துவர் சொல்வதற்கு மாற்றாக இதைக் கொள்ள வேண்டாம். மருத்துவரிடம் எதைக் கேட்க வேண்டும், வீட்டில் எதைக் கவனிக்க வேண்டும், எப்போது காத்திருக்கக் கூடாது என்பதற்கு மட்டும் இதைப் பயன்படுத்துங்கள்.

பாலியேட்டிவ் கேர் என்றும், நோய்த் தணிப்புச் சிகிச்சை என்றும், ஆதரவுச் சிகிச்சை என்றும் சொல்லப்படுவது எல்லாம் ஒன்றே. வலி, மூச்சுத்திணறல், வாந்தி, புண், தூக்கமின்மை, மனக்கலக்கம் ஆகியவற்றைக் குறைத்து நோயாளியை இயன்றவரை நன்றாக வாழ வைப்பதே அதன் வேலை. அந்தப் பிரிவுக்கு அனுப்பினாலே "டாக்டர்கள் கைவிட்டுவிட்டார்கள்" என்று பொருள் கொள்ளும் வழக்கம் நம்மிடம் வேரூன்றியிருக்கிறது. அந்த அச்சத்தினாலேயே குணமாகும் நிலையில் உள்ளவர்கள்கூடத் தேவையற்ற வேதனையை மாதக்கணக்கில் சுமக்கிறார்கள். பாஸ்டன் நகரிலுள்ள மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையின் மருத்துவர்கள், பரவிய நிலையில் நுரையீரல் புற்றுநோய் கண்டறியப்பட்ட 151 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சையை மட்டும் அளித்தனர். மற்றவர்களுக்கு அதனுடன் ஆதரவுச் சிகிச்சையையும் தொடக்கத்திலிருந்தே சேர்த்து அளித்தனர். 2010-இல் வெளியான அந்த ஆய்வில், ஆதரவுச் சிகிச்சை பெற்றவர்களிடம் மனச்சோர்வு குறைவாகவும் வாழ்க்கைத் தரம் மேலாகவும் இருந்தது. அவர்களது வாழ்நாளின் இடைநிலை அளவு (பாதிப் பேர் அதைத் தாண்டி வாழ்ந்த காலம்) 11.6 மாதங்களாகவும், மற்றவர்களுக்கு 8.9 மாதங்களாகவும் இருந்தது. ஆகவே, நோய் உறுதியான அன்றே, "இந்த மருத்துவமனையில் பாலியேட்டிவ் பிரிவு எங்கே இருக்கிறது, நாங்கள் அங்கே பதிவு செய்துகொள்ளலாமா" என்று தயங்காமல் கேளுங்கள். நோய் எந்த நிலையில் இருந்தாலும் கேட்கலாம்.

சிகிச்சை தொடங்குவதற்கு முன்

முதலில் ஒரு கெட்டியான கோப்பு வாங்குங்கள். பயாப்ஸி (திசுப் பரிசோதனை) அறிக்கை, ஸ்கேன் அறிக்கைகள், டிஸ்சார்ஜ் சம்மரி, ஒவ்வொரு கீமோவுக்கும் (புற்றுச் செல்களை அழிக்கும் மருந்துச் சிகிச்சை) கொடுத்த மருந்தின் பெயரும் அளவும் எழுதிய தாள், இரத்தப் பரிசோதனை முடிவுகள் ஆகிய அனைத்தையும் தேதி வரிசைப்படி அதில் வையுங்கள். பயாப்ஸி செய்த திசுவை மெழுகில் பதித்து வைத்த பிளாக்கையும் ஸ்லைடுகளையும் பரிசோதனைக்கூடத்திலிருந்து கேட்டு வாங்க நோயாளிக்கு உரிமை உண்டு. வேறு மருத்துவமனையில் இரண்டாவது கருத்துக் கேட்கப் போகும்போது மறுபடியும் ஊசி குத்தித் திசு எடுப்பதை அது பெரும்பாலும் தவிர்க்கும். கோப்பின் முதல் பக்கத்தில், இப்போது சாப்பிடும் மாத்திரைகள், ஒவ்வாத மருந்துகள், சர்க்கரை, இரத்த அழுத்தம் போன்ற பிற நோய்கள், இரவில் அழைக்க வேண்டிய வார்டு எண் ஆகியவற்றைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். நள்ளிரவு இரண்டு மணிக்கு அவசரப் பிரிவில் நிற்கும்போது நினைவு உதவாது. அந்தப் பக்கம் உதவும்.

பணம் பற்றிய ஏற்பாட்டையும் இப்போதே முடித்துவிடுவது நல்லது. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ்த் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கிறது. அறுவை, கீமோ, கதிர்வீச்சு ஆகியவை இதில் அடங்கும். அட்டை இல்லாதவர்கள் குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று ஆகியவற்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள காப்பீட்டு மையத்தை அணுக வேண்டும். சிகிச்சைக்கான ஒப்புதல் முன்கூட்டியே பெறப்பட வேண்டியது என்பதால், முதல் கீமோ முடிந்த பிறகு அட்டைக்காக அலைவதில் பயனில்லை. சிகிச்சைக்கோ தொடர் பரிசோதனைக்கோ ரயிலில் செல்லும் புற்றுநோயாளிக்குப் படுக்கை வசதி வகுப்பிலும் மூன்றடுக்கு ஏசி வகுப்பிலும் கட்டணம் இல்லை. உடன் செல்லும் ஒருவருக்கு 75 சதவீதச் சலுகை உண்டு. இதற்கு மருத்துவமனை அளிக்கும் சான்று ரயில்வேயின் படிவத்தில் இருக்க வேண்டும்.

கீமோ நாட்கள்

வீட்டில் தெரிந்து வைத்திருக்க வேண்டிய எண்களில் மிக முக்கியமானது 100.4 டிகிரி ஃபாரன்ஹீட். கீமோ மருந்து புற்றுச் செல்களோடு எலும்பு மஜ்ஜையில் உருவாகும் வெள்ளணுக்களையும் தாக்குவதால், மருந்து ஏற்றிய 7-ஆம் நாளிலிருந்து 14-ஆம் நாள் வரையிலான காலத்தில் பெரும்பாலும் அவற்றின் எண்ணிக்கை அடிமட்டத்துக்கு இறங்குகிறது. அந்த நாட்களில் வரும் காய்ச்சல், சாதாரண ஆளுக்கு வரும் காய்ச்சலைப் போன்றதன்று. எதிர்க்க அணுக்கள் இல்லாத உடலில் கிருமி சில மணி நேரத்தில் இரத்தத்தில் பரவி உயிருக்கே ஆபத்தாகிவிடும். எனவே வீட்டில் ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் கட்டாயம் இருக்க வேண்டும். உடம்பு சுடுவதாகத் தோன்றினாலோ, குளிரால் நடுங்கினாலோ, காரணமின்றிச் சோர்ந்து படுத்தாலோ உடனே அளந்து பாருங்கள். 100.4 அல்லது அதற்கு மேல் இருந்தால் பாரசிட்டமால் கொடுத்துவிட்டுக் காத்திருக்கக் கூடாது. அந்த மாத்திரை காய்ச்சலை மறைக்குமே தவிரக் கிருமியைத் தொடாது. "காலையில் பார்த்துக்கொள்ளலாம்" என்ற நல்லெண்ண முடிவுதான் இங்கே மிகவும் ஆபத்தானது. உடனே கிளம்புங்கள். அவசரப் பிரிவின் வாசலிலேயே, "கீமோ எடுப்பவர், காய்ச்சல் இருக்கிறது, கடைசி கீமோ இந்தத் தேதியில்" என்று சொல்லிக் கோப்பைக் காட்டுங்கள். இரத்த அணுக்களின் எண்ணிக்கையைப் பார்ப்பதும், நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் தொடங்குவதும் வந்து சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் நடக்க வேண்டியவை. வரிசையில் உட்கார வைத்தால், மரியாதையாக, ஆனால் விடாமல், மறுபடியும் சொல்லுங்கள். நடுக்கமும் மயக்கமும் இருந்தும் காய்ச்சல் பதிவாகாத நிலையும் உண்டு, அதுவும் அவசரமே.

வாந்தியைப் பொறுத்தவரை, தடுப்பு மாத்திரைகளை வாந்தி வந்த பிறகு கொடுக்கலாம் என்று வைத்திருப்பதே பல வீடுகளில் நடக்கும் பிழை. குமட்டல் இல்லாவிட்டாலும் எழுதிக் கொடுத்த நாட்கள் முழுவதும் நேரப்படி கொடுக்க வேண்டும். ஒருமுறை கடுமையாக வாந்தி எடுத்தவருக்கு அடுத்த கீமோவுக்கு மருத்துவமனை வாசலை மிதிக்கும்போதே குமட்டத் தொடங்கிவிடும். ஆன்டன்செட்ரான் என்ற வாந்தித் தடுப்பு மாத்திரையால் மலச்சிக்கலும் தலைவலியும் வரலாம் என்பதை அறிந்திருங்கள். தாளிக்கும் வாசனை, கருவாடு, வறுக்கும் எண்ணெய் ஆகியவற்றை அந்த ஓரிரு நாட்களுக்குத் தள்ளி வையுங்கள். சூடான உணவில் மணம் அதிகம் எழும்பும் என்பதால், ஆறிய இட்லி, தயிர்சாதம், மோர்க்கஞ்சி போன்றவை எளிதில் இறங்கும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு கரண்டி அளவு என்பதே போதுமான இலக்கு. ஒரு நாள் முழுவதும் தண்ணீர்கூட நிற்கவில்லை என்றால் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

மருந்துக்கு மருந்து அறிகுறிகள் மாறும் என்பதால், ஏற்றப்படும் மருந்தின் பெயரைத் தெரிந்துகொள்வது பல பயங்களைத் தவிர்க்கும். டாக்ஸோரூபிசின் என்ற சிவப்பு மருந்து ஏற்றிய ஓரிரு நாட்களுக்குச் சிறுநீர் சிவந்து போகும். அது இரத்தம் அல்ல. பெருங்குடல் புற்றுக்குக் கொடுக்கும் ஆக்ஸாலிபிளாட்டின் ஏற்றிய சில நாட்களுக்குக் குளிர்ச்சி ஆகாது. ஃபிரிட்ஜ் கதவைத் தொட்டாலே விரல் நுனியில் மின்சாரம் பாய்வது போல் சுரீரென்று இருக்கும், ஐஸ் தண்ணீர் குடித்தால் தொண்டை இறுகி மூச்சு அடைத்துவிட்டதாகத் தோன்றும். அந்த நோயாளிக்கு மட்டும், மேலே சொன்ன ஆறிய உணவையும் வெதுவெதுப்பாகவே கொடுங்கள். கீமோவுக்குப் பிந்தைய 48 மணி நேரம் வரை சிறுநீர், மலம், வாந்தி ஆகியவற்றில் மருந்தின் எச்சம் இருக்கும் என்பதால், கழிவறையில் இருமுறை தண்ணீர் ஊற்றுவதும், சுத்தம் செய்பவர் கையுறை அணிவதும், அழுக்கான துணியைத் தனியாகத் துவைப்பதும் அவசியம். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அந்த வேலையை அவரிடம் விட வேண்டாம். நோயாளியைத் தொடுவதற்கும், கட்டிக்கொள்வதற்கும், கூடச் சாப்பிடுவதற்கும் எந்தத் தடையும் இல்லை, புற்றுநோய் ஒட்டுவதில்லை.

வாய்ப்புண் வரும் முன்பே வாயைப் பேணத் தொடங்குங்கள். ஒரு தம்ளர் வெதுவெதுப்பான நீரில் கால் தேக்கரண்டி சமையல் சோடாவும் அதில் பாதியளவு உப்பும் கலந்து, சாப்பிட்ட பிறகும் படுக்கும் முன்பும் கொப்பளித்துத் துப்ப வேண்டும். மிக மென்மையான பிரஷ் போதும். கடையில் விற்கும் ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் எரிச்சலைக் கூட்டும். நாக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும் தயிர் படிந்தது போல் வெள்ளையாகத் தெரிந்தால் அது பூஞ்சைத் தொற்று. மருந்து உண்டு, காட்டுங்கள்.

உணவு பற்றிச் சற்று அழுத்தியே சொல்ல வேண்டியிருக்கிறது. பார்க்க வரும் ஒவ்வொருவரும் ஒரு பத்தியம் சொல்லிவிட்டுப் போகிறார்கள். சர்க்கரையைத் தின்று நோய் வளர்கிறது என்று சோறும் பழமும் நிறுத்தப்படுகின்றன. பால் கூடாது, முட்டை கூடாது, கறி கூடாது என்று அடுத்தடுத்து விலக்கப்பட்டு, ஏற்கெனவே மெலிந்தவர் இன்னும் மெலிந்து, கடைசியில் அடுத்த கீமோவைத் தாங்க உடம்பில் வலுவில்லை என்று மருத்துவர் தள்ளி வைக்கும் நிலை வருகிறது. சிகிச்சைக் காலத்தில் தேவைப்படுவது புரதமும் சக்தியும்தான். முட்டை, மீன், கோழி, பாசிப்பருப்பு, கொண்டைக்கடலை, பால், தயிர், நிலக்கடலை, நெய் ஊற்றிய பருப்புச் சாதம், பால் சேர்த்த கேழ்வரகுக் கஞ்சி என்று வீட்டில் இருப்பதையே கொடுங்கள். நன்கு வெந்ததாக, அன்றே சமைத்ததாக இருக்கட்டும். பழத்தை வீட்டில் கழுவித் தோல் சீவிக் கொடுங்கள். வெளியில் விற்கும் ஜூஸ், சட்னி ஆகியவற்றைத் தவிர்த்துவிடுங்கள். முள் சீத்தா இலைக் கஷாயம், பெயர் தெரியாத பொடிகள் ஆகியவற்றை மருத்துவருக்குத் தெரியாமல் கொடுப்பதைக் கைவிடுங்கள். மூலிகை என்பதாலேயே தீங்கற்றதாகிவிடாது; சில கல்லீரலைக் கெடுக்கும், சில கீமோ மருந்தின் வேலையில் குறுக்கிடும். கொடுத்திருந்தால் அதை மறைக்காமல் சொல்லுங்கள்.

கரண்ட் வைக்கும்போது

கதிர்வீச்சை நம் ஊரில் "கரண்ட் வைப்பது" என்கிறார்கள். வெளியிலிருந்து இயந்திரம் மூலம் கொடுக்கப்படும் கதிர்வீச்சு உடம்பில் தங்குவதில்லை. சிகிச்சை முடிந்து வந்தவர் மடியில் பேரக்குழந்தை தாராளமாக உட்காரலாம். தோலில் போட்ட மைக்குறிகளை அழிக்காதீர்கள். அந்த இடத்தில் எண்ணெய், பவுடர், மஞ்சள் பற்று எதுவும் வேண்டாம். தளர்வான பருத்தித் துணியும், சாதாரணத் தண்ணீரும், மருத்துவர் கொடுத்த களிம்பும் போதும். வாய், தொண்டைப் புற்றுக்குக் கதிர்வீச்சு தொடங்கும் முன் பல் மருத்துவரிடம் காட்டி, எடுக்க வேண்டிய பல்லை எடுத்துவிட வேண்டும்; பிறகு எடுத்தால் தாடை எலும்பு ஆறாமல் போகும் அபாயம் உண்டு. அவர்கள் வாயை அகலத் திறக்கும் பயிற்சியைத் தினமும் பலமுறை செய்ய வேண்டும். தன் மூன்று விரல்களைச் செங்குத்தாக வாய்க்குள் விட முடிகிறதா என்று வாரம் ஒருமுறை பார்த்துக்கொண்டால் தாடை இறுகுவது முன்கூட்டியே தெரியும்.

மூக்கு வழியாக உணவுக்குழாய் போட்டிருந்தால், கொடுக்கும் முன் மூக்கருகே குழாயில் உள்ள குறி அதே இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இடம் மாறியிருந்தாலோ, கொடுக்கும்போது இருமினாலோ நிறுத்திவிட்டுச் செவிலியரை அழைக்க வேண்டும். தலையணைகளை அடுக்கி நோயாளியைச் சாய்வாக உட்கார வைத்து, கஞ்சியையும் பருப்புத் தண்ணீரையும் மெல்லிய துணியில் இருமுறை வடிகட்டி, சிரிஞ்சை உயர்த்திப் பிடித்து, அழுத்தாமல் தானாக இறங்க விட வேண்டும். முன்னும் பின்னும் 30 மில்லி அளவு வெறும் தண்ணீர் விட்டால் குழாய் அடைக்காது. முடிந்த பிறகு அரை மணி நேரமாவது படுக்க வைக்காதீர்கள்.

வலி

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால், இந்தப் பகுதியை வைத்துக்கொள்ளுங்கள். புற்றுநோய் என்றால் வலி இருக்கத்தான் செய்யும், பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் தவறானது. பெரும்பாலோரின் வலியை மாத்திரைகளாலேயே கட்டுக்குள் கொண்டுவர முடியும். உலக சுகாதார நிறுவனம் 1986-இல் வகுத்த முறை எளிமையானது: ஊசியைவிட வாய்வழி மருந்துக்கு முதலிடம், வலி வரும்வரை காத்திராமல் கடிகாரத்தைப் பார்த்துக் கொடுத்தல், வலியின் கடுமைக்கேற்பப் படிப்படியாக ஏறுதல். பாரசிட்டமால் வகையில் தொடங்கி, டிரமடால் போன்ற சற்று வலுவான மருந்துகளுக்குப் போய், தேவைப்பட்டால் அபினியிலிருந்து எடுக்கப்படும் வலுவான வலிநிவாரணியான மார்ஃபினுக்குச் செல்வது அந்தப் படி. வலி கடுமையாக இருந்தால் நடுப்படியைத் தாண்டி நேரடியாக மார்ஃபினில் தொடங்குவதும் உண்டு.

மார்ஃபின் என்ற பெயரைக் கேட்டதும் குடும்பங்கள் நடுங்குகின்றன. அடிமையாகிவிடுவார், சீக்கிரம் போய்விடுவார், கடைசி மருந்தல்லவா என்ற மூன்று பயங்கள் உடனே வந்து நிற்கின்றன. புற்றுநோய் வலிக்காக மருத்துவர் சொன்ன அளவில் எடுப்பவர்கள் போதைக்கு அடிமையாவது அரிது. முறையாகக் கொடுக்கப்படும் மார்ஃபின் ஆயுளைக் குறைப்பதில்லை. வலி தணிந்து தூங்கிச் சாப்பிடுபவர் தெம்பாகிறார். அது கடைசி மருந்தும் அல்ல. சிகிச்சையால் நோய் சுருங்கி வலி குறைந்தவர்கள் அளவைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தியும் இருக்கிறார்கள். தானாகத் திடீரென்று நிறுத்துவது மட்டும் கூடாது.

சாதாரண மார்ஃபின் மாத்திரையின் வேலை ஏறத்தாழ நான்கு மணி நேரம்தான் நீடிக்கும். ஆகவே காலை 6, 10, பகல் 2, மாலை 6, இரவு 10 என்று நேரம் குறித்துக் கொடுப்பார்கள். நடுராத்திரியில் எழுப்பாமல் இருக்க இரவு 10 மணிக்கு இரட்டை அளவு தருவது வழக்கம். ஒரு வீட்டில் இதற்குச் செய்திருந்த ஏற்பாடு எல்லோருக்கும் உதவக்கூடியது. சமையலறைச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரின் ஒவ்வொரு தாளிலும், ராகுகாலம் எழுதிய இடத்துக்குக் கீழே, அந்த வீட்டு மருமகள் ஐந்து நேரங்களையும் பேனாவால் எழுதியிருந்தார். மாத்திரை கொடுத்ததும் ஒரு கோடு. இடையில் வலி கிளம்பிக் கூடுதல் மாத்திரை கொடுத்தால் ஒரு வட்டம். பக்கத்தில் மாமனார் பத்துக்கு எத்தனை என்று சொன்ன வலியின் அளவு. கிழித்த தாள்களை எறியாமல் கோப்பில் செருகி மருத்துவரிடம் கொண்டுபோனார். ஒரு நாளில் இரண்டு மூன்று வட்டங்கள் தொடர்ந்து விழுந்திருப்பதைப் பார்த்ததும் மருத்துவர் வழக்கமான அளவை உயர்த்தினார். கேள்வி கேட்கவே தேவைப்படவில்லை. இடையில் கொடுக்க வேண்டிய கூடுதல் அளவு எவ்வளவு, எத்தனை முறை வரை கொடுக்கலாம் என்பதை ஆரம்பத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மார்ஃபினால் மலச்சிக்கல் ஏறக்குறைய எல்லோருக்கும் வரும். மற்ற பக்கவிளைவுகள் நாளாக நாளாகக் குறையும், இது குறையாது. எனவே முதல் மாத்திரையோடு மலமிளக்கியும் தொடங்க வேண்டும். எழுதித் தரவில்லை என்றால் நீங்களே நினைவூட்டுங்கள். முதல் சில நாட்கள் குமட்டலும் தூக்கக் கலக்கமும் இருக்கலாம்; பல நாள் தூங்காதவர் வலி விட்டதும் அயர்ந்து தூங்குவதும் அதில் சேரும். ஆனால் தட்டி எழுப்பியும் விழிக்காமல் இருத்தல், மூச்சு மிக மெதுவாகிவிடுதல், கண்மணி ஊசிமுனை அளவாகச் சுருங்குதல் ஆகிய மூன்றும் அளவு மிஞ்சியதற்கான அறிகுறிகள்; அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். சிறுநீரகம் பழுதுபட்டவர்களிடம் மருந்து உடலில் தேங்கிவிடும் என்பதால் அதை முன்பே தெரிவிக்க வேண்டும். நீண்ட நேரம் வேலை செய்யும் வகை மாத்திரையை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள்.

இந்த மாத்திரை தெருமுனை மருந்துக்கடையில் பெரும்பாலும் கிடைக்காது. அபினிச் செடியைச் சட்டப்படி பயிரிட்டு மருந்துக்காக அபினி எடுக்கும் வெகு சில நாடுகளில் இந்தியாவும் ஒன்று. அப்படியிருந்தும் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் கொண்டுவந்த கெடுபிடிகளால் நம் நோயாளிகள் பல்லாண்டுகள் மார்ஃபின் இன்றித் துடித்தார்கள் என்பது மனத்தை அறுக்கும் உண்மை. திருவனந்தபுரத்தின் மருத்துவர் எம். ஆர். ராஜகோபால் உள்ளிட்டோரின் நெடிய முயற்சிக்குப் பிறகு 2014-இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டு, அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்கள் மார்ஃபினை வைத்திருப்பது எளிதாக்கப்பட்டது. உங்களுக்கு அருகில் எந்த மருத்துவமனையில் வாய்வழி மார்ஃபின் இருக்கிறது என்பதை, தேவை வரும் முன்பே விசாரித்து வையுங்கள். அடுத்த முறை செல்லும் வரைக்கும் போதுமான அளவு வாங்கிக்கொள்ளுங்கள்.

எல்லா வலிக்கும் மார்ஃபின் ஒன்றே மருந்து அல்ல. எரிவது போலவும் ஷாக் அடிப்பது போலவும் வரும் நரம்பு வலிக்கு அமிட்ரிப்டிலின், கபாபென்டின் போன்றவை தரப்படும். மருந்துத் தாளில் மனச்சோர்வுக்கு என்றும் வலிப்புக்கு என்றும் போட்டிருப்பதைப் படித்துவிட்டுத் தவறான மருந்தென்று நிறுத்திவிடாதீர்கள். எலும்புக்குப் பரவியதால் வரும் வலி, பலருக்கு ஒரே ஒருமுறை கதிர்வீச்சு கொடுத்தாலே வெகுவாகக் குறையும். முதுகு வலியோடு கால் மரத்துப்போதல், நடை தள்ளாடுதல், சிறுநீர் போவது தெரியாமை ஆகியவை சேர்ந்தால் முதுகுத்தண்டு அழுத்தப்படுகிறது என்று பொருள். அன்றே சிகிச்சை கிடைத்தால் கால்கள் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். நாட்கள் கடந்தால் திரும்பாது.

படுக்கையில் இருப்பவருக்கு

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைப்பதும், விரிப்பைச் சுருக்கமின்றி ஈரமின்றி வைப்பதும் படுக்கைப்புண்ணைத் தடுக்கும்; வாட்டர் பெட் வாங்கியிருந்தாலும் பக்கம் மாற்றுவதை விட முடியாது. வெளியே தெரியும் புண்ணில் நாற்றம் எழும்போது, நோயாளி கூனிக் குறுகி யாரையும் அருகில் விடாமல் ஒதுங்கிவிடுகிறார். மருத்துவரிடம் கேட்டு, மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி மாத்திரையை நன்கு பொடித்து, புண்ணைக் கொதித்தாறிய உப்புத் தண்ணீரால் கழுவிய பின் அதன் மேல் தூவிக் கட்டினால் நாற்றம் சில நாட்களில் வெகுவாகக் குறையும். சில ரூபாய் மாத்திரை ஒன்று ஒரு மனிதரை மறுபடியும் வீட்டாரோடு உட்கார வைக்கிறது. இரத்தம் கசியக்கூடிய புண்ணாக இருந்தால் அடர்நிறத் துண்டு ஒன்றைக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். வெள்ளைத் துணியில் சிறிது இரத்தமும் நோயாளியைக் கலங்கடித்துவிடும். மூச்சுத்திணறலுக்கு, தலையை உயர்த்தி வைத்து, ஜன்னலைத் திறந்து, சிறு மின்விசிறியை முகத்தை நோக்கி வையுங்கள். சுற்றி நிற்கும் கூட்டத்தை விலக்குங்கள்.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், படுக்கையில் இருப்பவர்களுக்கு ஆதரவுச் சிகிச்சைச் செவிலியரும் இயன்முறை மருத்துவரும் வீட்டுக்கே வருவதற்கு ஏற்பாடு உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்யுங்கள்.

உண்மையைச் சொல்வது

"அப்பாவுக்குத் தெரிய வேண்டாம் டாக்டர், தெரிந்தால் தாங்க மாட்டார்" என்று மகன் வாசலில் நின்று கேட்டுக்கொள்வதும், உள்ளே அந்தத் தந்தை செவிலியரிடம், "எனக்குத் தெரியும்மா, பிள்ளைங்க கிட்ட சொல்லிடாதீங்க" என்று சொல்வதும் ஒரே நாளில் நடப்பதுண்டு. மொட்டையான தலைகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும் கூடத்தில் காத்திருந்தவருக்கு எதுவும் தெரியாது என்று நம்புவது கடினம். மறைப்பதால் நேர்வது ஒன்றுதான்: அவர் தன் பயத்தைத் தனியே சுமக்கிறார். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட வேண்டும் என்பதில்லை. "உங்கள் உடம்பைப் பற்றி எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள்" என்று அவரிடமே கேட்டு, அவர் கேட்கும் அளவுக்குச் சொல்லுங்கள். பொய் மட்டும் சொல்லாதீர்கள். தெரிந்தவருக்கே, வீட்டுப் பத்திரம், வங்கி நாமினி, மகள் திருமணம், யாரைப் பார்க்க வேண்டும் என்பவற்றைத் தானே தீர்மானிக்கும் வாய்ப்புக் கிடைக்கிறது. லண்டனில் 1967-இல் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸை (நோய் முற்றியவர்களுக்கான பராமரிப்பு இல்லம்) தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ், உடல் வலியோடு மன வலி, குடும்பக் கவலை, ஆன்ம வேதனை ஆகியவையும் சேர்ந்ததே நோயாளியின் முழு வலி என்று வலியுறுத்தினார். மாத்திரை எவ்வளவு கூட்டியும் அடங்காத வலியின் பின்னால் பேசப்படாத கடன் ஒன்றோ, பேச்சுவார்த்தை நின்றுபோன தம்பியோ இருப்பதைக் காணலாம்.

கடைசி நாட்களும் பராமரிப்பவரும்

நோய் முற்றிய நிலையில் பசி அற்றுப்போவது நோயின் இயல்பு. சாப்பிடாததால் அவர் இறக்கவில்லை, இறக்கும் நிலைக்கு வந்ததால் சாப்பிட முடியவில்லை. ஒரு வாய் ஊட்டிவிடத் துடிக்கும் கைக்கு இது ஏற்கக் கடினமானது. ஆயினும் வற்புறுத்தி ஊட்டினால் புரையேறும், குளுக்கோஸ் ஏற்றினால் பலருக்குக் கால் வீங்கி மார்பில் சளி கூடும். ஈரப் பஞ்சால் உதட்டையும் நாக்கையும் நனைத்து, உதட்டில் சிறிது வெண்ணெய் தடவுங்கள். தொண்டையில் கரகரவென்று ஒலி எழுந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கேட்பவரை அது வாட்டும் அளவுக்கு அவரை வாட்டுவதில்லை. வலி மருந்தை மட்டும் நிறுத்தாதீர்கள்; விழுங்க முடியாதபோது தோலுக்கடியில் ஊசியாகவோ வேறு வழியிலோ தர முடியும், முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வீட்டிலா மருத்துவமனையிலா என்பதை அவர் பேசும் நிலையில் இருக்கும்போதே கேட்டுவிடுவது நல்லது.

இத்தனையும் செய்பவர் பெரும்பாலும் மனைவியோ, மகளோ, மருமகளோ ஆகிய ஒரே ஒருவர். அவர் தூங்காமல், தன் சர்க்கரை மாத்திரையை மறந்து, கோயிலுக்கோ உறவினர் விசேஷத்துக்கோ போக வெட்கப்பட்டு மாதங்களைக் கழிக்கிறார். "ஏதாவது வேணும்னா சொல்லுங்க" என்று கேட்கும் உறவினரிடம் "ஒன்றுமில்லை" என்று சொல்லாமல், "ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணி நேரம் வந்து உட்காருங்கள்", "வியாழக்கிழமை மருந்து வாங்கி வாருங்கள்" என்று நாளும் வேலையும் குறித்துக் கேளுங்கள். மனம் தாங்காத இரவில் 14416 என்ற எண்ணுக்கு அழைத்தால், டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவிச் சேவையில் கட்டணமின்றித் தமிழிலேயே ஆலோசகரிடம் பேசலாம். நோயாளியின் மறைவுக்குப் பிறகும் ஆதரவுச் சிகிச்சைப் பிரிவின் கதவு அந்தக் குடும்பத்துக்குத் திறந்தே இருக்கிறது. மிச்சமுள்ள மார்ஃபின் மாத்திரைகளை எண்ணித் திருப்பிக் கொடுக்கப் போகும் அன்று, அந்தச் செவிலியரிடம் சற்று நேரம் உட்கார்ந்து பேசிவிட்டு வாருங்கள்.